கீழ்த்தாடைக் கட்டி: வெட்டிய இடத்தில் வெறும் பிளேட்டா, கால் எலும்பா?

வாசகி கேள்வி:

என் கணவருக்கு வயது 34. ஓராண்டாக இடது தாடை மெல்ல வீங்கிக்கொண்டே வந்தது. வலி இல்லாததால் பல் வீக்கம் என்று விட்டுவிட்டோம். இரண்டு கடைவாய்ப்பற்கள் ஆடத் தொடங்கிய பிறகுதான் பயாப்ஸி எடுத்தோம். அமெலோபிளாஸ்டோமா, வழக்கமான வகை என்று அறிக்கை வந்திருக்கிறது. சி.டி. ஸ்கேனில் முன்கடைவாய்ப்பல்லிலிருந்து தாடை மூலை வரை 6 செ.மீ. நீளத்துக்குக் கட்டி தெரிகிறது. தாடையின் கீழ் விளிம்பும் மெலிந்துவிட்டதாம். ஒரு மருத்துவர் சுரண்டி எடுத்தால் போதும் என்கிறார். இன்னொருவர் எலும்பை வெட்டி டைட்டானியம் பிளேட் வைத்துவிடலாம் என்கிறார். மூன்றாமவர் காலிலிருந்து எலும்பு எடுத்துத் தாடையில் பொருத்த வேண்டும், பத்து மணி நேரம் ஆகும் என்கிறார். புற்றுநோய் இல்லை என்று சொல்லிவிட்டு ஏன் இவ்வளவு பெரிய அறுவை? என் கணவர் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர். கால் எலும்பை எடுத்தால் நடக்க முடியுமா? மறுபடி பல் கட்ட முடியுமா? அவருக்கு தினமும் பத்து சிகரெட் பழக்கமும் உண்டு.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் குழப்பம் வரத்தான் செய்யும். உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எவ்வளவு எலும்பை எடுப்பது என்பது ஒன்று. எடுத்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை சொல்வது கட்டி. அதில் நம் விருப்பத்துக்கு இடம் குறைவு. இரண்டாவதில்தான் நீங்களும் மருத்துவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க இடமிருக்கிறது. நிரப்புவது கடினம் என்ற காரணத்துக்காக எடுப்பதைக் குறைத்துக்கொள்வது மட்டும் கூடவே கூடாது.

அமெலோபிளாஸ்டோமா, பல் உருவாகக் காரணமான செல்களிலிருந்து கிளம்பும் கட்டி. மிக அரிதான சில வகைகளைத் தவிர, அது நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவுவதில்லை. அந்தப் பொருளில் அது புற்றுநோய் அல்ல. ஆனால் இருக்கும் இடத்தில் அது நடந்துகொள்ளும் விதம் சாதுவானதல்ல. வழக்கமான வகையில், எலும்பின் உள்ளே பஞ்சு போன்ற பகுதிக்குள் கட்டியின் நுண்ணிய கிளைகள் ஊடுருவியிருக்கும். ஸ்கேனில் கட்டி முடிந்ததாகத் தெரியும் கோட்டைத் தாண்டியும் சில மில்லிமீட்டர் தூரம் அவை போயிருக்கும். சுரண்டும் கருவி கண்ணுக்குத் தெரியும் கட்டியைத்தான் எடுக்கும். இந்தக் கிளைகளை விட்டுவிடும். அதனால்தான் சுரண்டி எடுத்தவர்களிடம் கட்டி திரும்ப வருவது, வெட்டி எடுத்தவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பத்து ஆண்டு கழித்துத் திரும்பியதும் உண்டு. திரும்பி வரும்போது எலும்போடு நிற்காமல், தாடையை அசைக்கும் தசைகளுக்குள்ளும் மண்டையோட்டின் அடிப்பகுதி நோக்கியும் போய்விட்டால், முதல் முறை கிடைத்த வாய்ப்பு இரண்டாம் முறை கிடைக்காது.

ஆகவே கட்டியின் இரு முனைகளிலும் 1 முதல் 2 செ.மீ. வரை நல்ல எலும்பையும் சேர்த்து எடுப்பதுதான் இந்த வகைக்கு ஏற்ற சிகிச்சை. சுரண்டி எடுப்பது எல்லோருக்கும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஒற்றை நீர்க்கட்டியாக வளரும் ஒரு வகை உண்டு. கட்டி அதன் உள்சுவரோடு நின்றுவிட்டால், தோண்டி எடுத்துவிட்டுத் தொடர்ந்து கண்காணிப்பது பொருத்தமான வழிதான். அதனால் ஒன்று செய்யுங்கள்: பயாப்ஸி ஸ்லைடுகளை வாய்நோய்க்குறியியல் நிபுணர் ஒருவரிடம் மறுபார்வைக்குக் கொடுங்கள். எடுத்த துண்டு மிகச் சிறியதாக இருந்தால் வகையைத் தவறாகப் படிக்க வாய்ப்புண்டு. மொத்த சிகிச்சையும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

கீழ் விளிம்பில் குறைந்தது 1 செ.மீ. உயரத்துக்கு நல்ல எலும்பை விட்டுவைக்க முடிந்தால், மேல்பகுதியை மட்டும் வெட்டிவிட்டுத் தாடையின் தொடர்ச்சியைக் காப்பாற்றலாம். உங்கள் கணவருக்குக் கீழ் விளிம்பே மெலிந்துவிட்டது. அந்த மெல்லிய விளிம்பை விட்டுவைத்தால் கட்டியும் மிஞ்சும், முதல் நாள் மெல்லும்போதே அது முறியவும் கூடும். எனவே முழுக் குறுக்குவெட்டுதான். 6 செ.மீ. கட்டி, முன்னே ஒன்றரை, பின்னே ஒன்றரை என்று கூட்டினால் வெற்றிடம் 9 செ.மீ. அளவுக்கு வரும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு நான் சொல்வதெல்லாம் அதைச் சுற்றியே.

அந்த இடத்தை ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? கீழ்த்தாடை ஒரு குதிரை லாடம்; இரண்டு காதுகளின் முன்னும் உள்ள மூட்டுகளில் அது தொங்குகிறது. ஒரு பக்கம் அறுந்தால் மிச்சத் தாடை அறுந்த பக்கமாகச் சாய்ந்து இழுபடும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்காது. முன்பகுதி போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். நாக்கைப் பிடித்து முன்னே நிறுத்தும் தசை முகவாய் எலும்பின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. அந்தப் பிடி போனால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுவழியை அடைக்கும். உங்கள் கணவருக்கு முகவாய்ப் பகுதி தப்பிவிட்டது பெரிய ஆறுதல்.

இரண்டாமவர் சொன்ன பிளேட்டுக்கு வருவோம். டைட்டானியம் பிளேட் வலுவானது, உடல் அதை ஏற்றுக்கொள்ளும், அறுவையும் மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் சில மாதங்களில் முகத்தைப் பார்த்தால் குறையே தெரியாது. சிக்கல் பிறகுதான் வரும். ஒவ்வொரு முறை மெல்லும்போதும் பிளேட் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிரும். உயிருள்ள எலும்பில் நுண்விரிசல் விழுந்தால் அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். உலோகத்தால் அது முடியாது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒருநாள் முறிவதுபோல, பிளேட்டும் பெரும்பாலும் தாடை மூலையில் வளைத்த இடத்திலோ ஸ்குரூ துளையிலோ முறியும். முறியாவிட்டால் ஸ்குரூக்கள் தளரும். அதுவும் இல்லையென்றால் கன்னத்தின் உட்பக்கமோ வெளித்தோலோ உலோகத்தின் மேல் தேய்ந்து மெலிந்து, பிளேட் வெளியே தெரியத் தொடங்கும். அதற்குள் கிருமி போய்விட்டால் கழற்றுவதைத் தவிர வழியில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், பிளேட்டில் பல் நட முடியாது.

நீண்ட மயக்கத்தைத் தாங்க முடியாத முதியவருக்கு, கால் ரத்தக்குழாய்கள் அடைபட்டவருக்கு, அல்லது நோய் முற்றி வாழ்நாள் குறுகியவருக்கு வெறும் பிளேட் நியாயமான முடிவு. 34 வயதுக்காரர் இந்தத் தாடையோடு இன்னும் நாற்பது ஆண்டு மெல்ல வேண்டும். அவருக்கு பிளேட்டை மட்டும் நிரந்தரத் தீர்வாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். முப்பரிமாண அச்சில் வார்த்த டைட்டானியத் தாடை பற்றி நீங்கள் படித்திருக்கலாம். வடிவம் கச்சிதமாக இருக்கும். ஆனால் உயிரில்லாத பொருளை எச்சிலும் கிருமியும் நிறைந்த வாய்க்குப் பக்கத்தில் வைப்பதில் உள்ள அடிப்படைச் சிக்கல் அதிலும் அப்படியேதான் இருக்கிறது.

இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி, ரத்தக்குழாய் இணைப்பு இல்லாமல் அப்படியே வைப்பது இன்னொரு வழி. இப்படி வைத்த எலும்பு முதலில் உயிரற்றுத்தான் கிடக்கும். சுற்றியுள்ள திசுக்களிலிருந்து புது ரத்தக்குழாய்கள் அதற்குள் நுழைந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய எலும்பைக் கரைத்துப் புது எலும்பை எழுப்ப வேண்டும். இடைவெளி சிறிதாக இருந்தால் இரு முனையிலிருந்தும் வரும் குழாய்கள் நடுவில் சந்தித்துவிடும். நீளம் கூடக் கூட, நடுப்பகுதிக்கு ரத்தம் எட்டும் முன் எலும்பு கரைந்துபோகும், அல்லது வாயிலிருந்து எச்சில் கசிந்து கெட்டுப்போகும். 6 செ.மீ. என்பதைத்தான் பொதுவாக எல்லையாக வைக்கிறோம். அதிலும் கதிர்வீச்சு படாத, சதைப்பற்றுள்ள, வாய்க்குள் திறக்காத இடமாக இருக்க வேண்டும். உங்கள் கணவருக்கு 9 செ.மீ.; கட்டியின்மேல் பற்கள் இருப்பதால் வாய்க்குள்ளும் திறக்கும். பொருந்தாது.

எஞ்சியிருப்பது, தன் ரத்தக்குழாயோடு சேர்த்து எடுத்துவந்து கழுத்தின் ரத்தக்குழாயில் தைக்கப்படும் எலும்பு. இடம் மாறிய அன்றே அதற்குள் ரத்தம் ஓடும். எனவே முறிந்த எலும்பு கூடுவதுபோல அது தாடையோடு கூடும். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில் வெளிப்பக்கமாக இருக்கும் ஒல்லியான எலும்பு ஃபிபுலா. 1975-இல் ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர் குழுவினர் இதைக் காலின் பெரிய எலும்பிலுள்ள இடைவெளியை நிரப்ப ரத்தக்குழாயோடு இடம் மாற்றினார்கள். 1989-இல் அமெரிக்க அறுவை நிபுணர் டேவிட் ஹிடால்கோ அதை வெட்டி வளைத்துக் கீழ்த்தாடையாக்கும் முறையை விவரித்தார். இன்று நீண்ட தாடை இடைவெளிகளுக்கு இதுவே முதல் தெரிவு. காரணம் எளிது. 20 செ.மீ.க்கு மேல் நீளம் கிடைக்கும், தோலும் சேர்ந்து வரும், தாடையில் ஒரு குழு வேலை செய்யும்போதே காலில் இன்னொரு குழு வேலை செய்யலாம். இடுப்பெலும்பையும் தோள்பட்டை எலும்பையும்கூட ரத்தக்குழாயோடு எடுக்கலாம். கால் ரத்தக்குழாய் சரியில்லை என்றால் அவை கைகொடுக்கும்.

உங்கள் கணவரின் கால் இதற்குத் தகுதியா என்று முதலில் பார்க்க வேண்டும். பாதத்துக்கு மூன்று தமனிகள் ரத்தம் கொண்டுபோகின்றன. ஃபிபுலாவோடு எடுக்கப்படுவது அவற்றில் பெரோனியல் என்ற ஒன்று. மற்ற இரண்டும் நன்றாக இருந்தால் பாதத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சிலருக்குப் பிறவியிலேயே மற்ற இரண்டும் மெலிந்து, பெரோனியல்தான் பாதத்தையே காப்பாற்றிக்கொண்டிருக்கும். அது தெரியாமல் எடுத்தால் பாதமே ஆபத்தில் மாட்டும். கணுக்காலில் நாடி பார்ப்பது மட்டும் போதாது. இரண்டு கால்களுக்கும் ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்லுங்கள். முன்பு கால் முறிந்திருந்தாலோ, காலில் ரத்தக்கட்டி வந்திருந்தாலோ மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சிகரெட். இதை நீட்டி முழக்க மாட்டேன், ஆனால் அழுத்திச் சொல்கிறேன். நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும், புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும், எலும்பு கூடுவதைக் கெடுக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்களைத் தைத்து அதை நம்பித் தாடையை வைக்கிறோம். அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே முழுதாக நிறுத்த வேண்டும், பிறகும் தொடவே கூடாது. நிகோட்டின் பட்டையிலும் இருப்பது அதே நிகோட்டின்தான் என்பதால் அதை ஒட்டுமுன் அறுவைக் குழுவிடம் கேளுங்கள். அமெலோபிளாஸ்டோமா மெதுவாக வளர்வது. இந்த நான்கு வாரக் காத்திருப்பில் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை. புற்றுநோயாக இருந்தால் இந்த வசதி கிடைத்திருக்காது. ரத்தசோகை, சர்க்கரை இருந்தால் இதே இடைவெளியில் சரிசெய்துகொள்ளலாம்.

இப்போது பல இடங்களில் அறுவையைக் கணினியில் முன்கூட்டியே செய்து பார்த்துவிடுகிறார்கள். முகத்துக்கும் காலுக்கும் 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகளாக சி.டி. எடுத்து, தாடையில் எங்கே வெட்டுவது, கால் எலும்பை எந்தக் கோணத்தில் நறுக்குவது என்று திட்டமிட்டு, அதற்கேற்ற வெட்டு வழிகாட்டிகளை அச்சிடுவார்கள். கோணம் துல்லியமாகும், நேரமும் மிச்சமாகும். ஒரு எச்சரிக்கை: வழிகாட்டி, ஸ்கேன் எடுத்த நாளின் கட்டிக்குச் செய்தது. அறுவை பல மாதம் தள்ளிப்போனால் மறுபடி ஸ்கேன் எடுத்துச் சரிபார்க்க வேண்டும். இந்த வசதி இல்லாத இடத்தில், வெட்டுமுன் பிளேட்டைத் தாடையின் மேல் வைத்து வளைத்து, துளைகளைப் போட்டுக்கொண்டு, பிறகு வெட்டுவார்கள். கை தேர்ந்தவர் செய்தால் அதுவும் நல்ல முறைதான். கணினி இல்லை என்பதற்காக ஒரு குழுவை ஒதுக்க வேண்டாம். ஆனால் உங்கள் கணவருக்கு வீக்கம் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தால், அந்தப் பிதுக்கத்தின் மேல் பிளேட்டை வளைத்தால் முகமும் பிதுங்கியே நிற்கும். அங்கே கணினித் திட்டம், மறுபக்கத் தாடையின் கண்ணாடி பிம்பத்தை வைத்து உண்மையான கோட்டைக் காட்டும்.

அறுவை நாளில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் தற்காலிகமாகக் கட்டிப் பல்கடியை நிலைநிறுத்துவார்கள். குறித்த கோட்டில் தாடையை வெட்டி, எடுத்த துண்டை அங்கேயே எக்ஸ்ரே எடுத்து, விளிம்பில் நல்ல எலும்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். காதுக்கு முன்னுள்ள மூட்டுக் குமிழுக்கும் கட்டிக்கும் இடையே போதிய இடைவெளி இருந்தால் குமிழை விட்டுவைப்பார்கள். சொந்த மூட்டுக்கு ஈடான மாற்று எதுவும் இல்லை. இதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காலில், கணுக்காலுக்கு மேலே 6 முதல் 8 செ.மீ. எலும்பை விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் கணுக்கால் ஆட்டம் காணும். மேலே முழங்கால் பக்கமும் 6 செ.மீ. அளவுக்கு விடுவார்கள், பாதத்தை மேலே தூக்கும் நரம்பு அங்கே எலும்பின் கழுத்தைச் சுற்றிப் போகிறது.

தாடை மூலையில் வளைவு வேண்டும் என்பதால் எலும்பை இரண்டு துண்டாக ஆப்பு வடிவில் நறுக்கி வளைப்பார்கள். ஒரு துண்டு இரண்டு, இரண்டரை செ.மீ.க்குக் கீழே போகக் கூடாது. போனால் எலும்பை மூடியுள்ள உறையிலிருந்து கிடைக்கும் ரத்தம் அந்தத் துண்டுக்குப் போதாது. இதையெல்லாம் கால் ரத்தக்குழாய் அறுபடாமல் இருக்கும்போதே செய்துமுடித்தால் எலும்பு பட்டினி கிடக்கும் நேரம் குறையும். பிறகு குழாயைத் துண்டித்து, எலும்பைத் தாடையில் வைத்து, பிளேட்டாலும் ஸ்குரூவாலும் இறுக்குவார்கள். எஞ்சிய தாடையில் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது மூன்று ஸ்குரூ வேண்டும். பின்னர் மைக்ராஸ்கோப்பின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் தமனியையும் சிரையையும் கழுத்துக் குழாய்களோடு தைப்பார்கள். துண்டித்ததிலிருந்து ரத்தம் மீண்டும் ஓடும்வரை நான்கைந்து மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். மொத்தம் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். நீங்கள் வெளியே காத்திருக்கும்போது நேரம் நீள்வதை மட்டும் வைத்துப் பதறாதீர்கள்.

உண்மையான பரீட்சை அதற்குப் பிறகுதான். தைத்த குழாயில் ரத்தம் உறைந்து அடைத்தால் எலும்பு செத்துவிடும். அடைப்புகளில் பெரும்பாலானவை முதல் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வருகின்றன. தமனியைவிடச் சிரை அடைபடுவதே அதிகம். எலும்பு உள்ளே மறைந்திருப்பதால், அதோடு சேர்ந்து வந்து வாய்க்குள் தைக்கப்பட்ட கால்தோல்தான் நமக்கு ஜன்னல். முதல் நாள் மணிக்கொரு முறை அதைப் பார்ப்பார்கள். இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக, அழுத்தி விட்டால் இரண்டு மூன்று விநாடியில் நிறம் திரும்பினால் நலம். நீலம் பாரித்து உப்பி, ஊசி குத்தினால் கருநிற ரத்தம் வேகமாக வந்தால் சிரையில் அடைப்பு. வெளிறிச் சில்லிட்டு, குத்தினாலும் ரத்தம் வராவிட்டால் தமனியில். இரண்டுக்கும் ஒரே மருந்துதான்: உடனே திரும்ப அறுவை அரங்குக்குப் போய் அடைப்பை எடுக்க வேண்டும். அதில் தாமதமாகும் ஒவ்வொரு மணியும் எலும்பைக் கைநழுவச் செய்யும். எனவே மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இரவு இரண்டு மணிக்கு ஃப்ளாப் (இடம் மாற்றிய எலும்பும் தோலும்) நிறம் மாறினால் யார் பார்ப்பார்கள், எவ்வளவு நேரத்தில் அரங்கு தயாராகும்?” என்பதுதான். அனுபவமுள்ள குழுக்களில் நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேல் இந்த எலும்புகள் பிழைத்துக்கொள்கின்றன. அந்தக் கணக்கு இந்த இரவுக் காவலையும் சேர்த்துத்தான்.

சின்ன விஷயம் ஒன்றும் இங்கே பெரிதாகும். கழுத்தைச் சுற்றி எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது. மூச்சுக்காகத் தொண்டையில் டியூப் வைத்திருந்தால் அதன் நாடாவே தைத்த சிரையை நசுக்கிவிடும். பல குழுக்கள் நாடா கட்டாமல் டியூபைத் தோலோடு தைத்துவிடுவது இதற்காகத்தான். தலையை அந்தப் பக்கமாக அழுந்தத் திருப்பிப் படுப்பதும் அப்படியே.

உங்களை மிகவும் கவலைப்படுத்துவது கால். உடல் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது உள்பக்கமுள்ள பெரிய எலும்பான டிபியா; ஃபிபுலாவின் பங்கு சிறியது. அதனால் நடக்க முடியும், நின்று வேலை செய்யவும் முடியும். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் தாங்குகோலோடு நடக்கவைப்பார்கள். தோல் ஒட்டு வைத்திருந்தால் சில நாள் கூடுதலாகும். தோலை நான்கைந்து செ.மீ. அகலத்துக்கு மேல் எடுத்தால் புண்ணின் இரு ஓரங்களையும் இழுத்துத் தைக்கக் கூடாது; காலின் தசைப் பெட்டிக்குள் அழுத்தம் ஏறித் தசையே செத்துவிடலாம். தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டுவதுதான் பாதுகாப்பு. வடு தெரியும், அதைச் சகித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சும் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கால் கட்டைவிரலை மடக்கும் தசை ஃபிபுலாவிலிருந்துதான் கிளம்புகிறது. அது பலவீனப்படலாம், அல்லது சுருங்கிக் கட்டைவிரலைக் கீழ்நோக்கி இழுத்துக்கொள்ளலாம். அறுவைக் குழு அனுமதித்த நாளிலிருந்து விரலைக் கையால் மேல்நோக்கி நீட்டிவிடும் பயிற்சியைத் தவறாமல் செய்தால் இது வெகுவாகக் குறையும். பலரும் தாடையைக் கவனிக்கும் மும்முரத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். பாதத்தின் மேல்புறத்தில் மரமரப்பு, மாலையில் கணுக்கால் வீக்கம், ஓடும்போது ஒரு தயக்கம் சிலருக்கு நீடிக்கும். நாள் முழுக்க நிற்கும் வேலைக்குத் திரும்ப இரண்டு மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பாதி நாள் போய்ப் பார்ப்பது நல்லது.

பல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதை அறுவைக்குப் பிறகு யோசிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பல்லை மனதில் வைத்துத்தான் எலும்பையே வைக்க வேண்டும். பல்லுள்ள கீழ்த்தாடையின் உயரம் சுமார் 3 செ.மீ.; ஃபிபுலாவின் உயரம் ஒன்றரை செ.மீ.க்குள்தான். அதைக் கீழ் விளிம்போடு ஒட்டி வைத்தால் முகத்தின் கோடு அழகாக அமையும், ஆனால் பல் நட வேண்டிய மட்டம் ஒரு பள்ளத்தில் கிடக்கும். நடும் பல் நெடுநெடுவென்று உயர்ந்து, அதைத் தாங்க எலும்பில் பதிக்கும் ஸ்குரூவான இம்ப்ளான்டை நெம்புகோல்போல ஆட்டிவிடும். மேலே தூக்கி வைத்தால் பல்லுக்கு நல்லது, தாடைக் கோடு சற்று உள்வாங்கும். நடுவழியாக, கீழ் விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. அளவு உயர்த்தி வைத்து, கீழ்க்கோட்டை பிளேட்டால் காட்டுவார்கள். இன்னொரு வழி, எலும்பை மடித்து இரட்டைக் குழல்போல ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பது. இளம் வயது, கதிர்வீச்சு தேவையில்லாத கட்டி, கால் எலும்பில் மிச்சமிருக்கும் நீளம், இவை எல்லாம் உங்கள் கணவருக்குச் சாதகம். தாடையின் பக்கவாட்டுப் பகுதிக்கு மட்டும் இரட்டைக் குழல் முடியுமா என்று கேளுங்கள்.

இம்ப்ளான்டை அதே அறுவையில் வைக்கலாம், அல்லது எலும்பு கூடிய பிறகு ஆறு மாதம் கழித்து வைக்கலாம். துல்லியமான கணினித் திட்டம் இல்லாமல் முதல் நாளே வைத்தால், எலும்பு சில மி.மீ. விலகினாலும் இம்ப்ளான்ட் பல் கட்ட உதவாத இடத்தில் போய் நின்றுவிடும். அப்படியிருந்தால் காத்திருப்பதே மேல். வைத்த பிறகு எலும்போடு பிணைய மூன்று நான்கு மாதம், அதன்பின் பல். பலரும் எதிர்பாராத தடை ஒன்று இருக்கிறது: இம்ப்ளான்டைச் சுற்றி இருப்பது ஈறு அல்ல, தடித்த கால்தோல். அது அசையும், அழுக்குத் தேங்கும், சுற்றிச் சதை வளரும். தோலை மெலிதாக்கி, தேவைப்பட்டால் மேலண்ணத்திலிருந்து ஈறுத் திசுவை எடுத்து ஒட்டினால்தான் பல் நீடிக்கும். எனவே அறுவை நிபுணரும் செயற்கைப்பல் நிபுணரும் முதல் திட்டக் கூட்டத்திலேயே ஒன்றாக உட்கார வேண்டும்.

முகம் பெரும்பாலும் பழைய கோட்டுக்கு வந்துவிடும். கழுத்து மடிப்பில் ஒரு வடு இருக்கும். இடது கீழுதடும் முகவாயும் மரத்துப்போகும் என்பதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். அந்த உணர்வைத் தரும் நரம்பு, கட்டி இருக்கும் எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. எலும்போடு அதுவும் போகும். வேறொரு நரம்புத் துண்டைக் கொண்டு அதை இணைக்கும் முறை உண்டு, சிலருக்கு ஓரளவு உணர்வு மாதங்கள் கழித்துத் திரும்பும். மரத்த உதட்டில் சூடு தெரியாது. சூடான பானத்தை எப்போதும் வலப்பக்கம் வைத்துக் குடிக்கப் பழக வேண்டும். உதட்டைக் கீழிழுக்கும் நரம்பு வேறு. அது இழுபட்டதால் வாய் சற்றுக் கோணினால் பெரும்பாலும் சில மாதத்தில் சரியாகும். நாக்கைத் தொடாததால் பேச்சு நன்றாகவே திரும்பும்.

ஏழு முதல் பத்து நாள் மூக்கு வழி டியூபில் உணவு. வாய்த் தையல் ஆறியதும் திரவம், பிறகு மென்மையான உணவு. இடப்பக்கம் கடித்து மெல்ல, எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது தெரிய வேண்டும். சுமார் மூன்று மாதம். வாய் திறக்கும் பயிற்சியை அறுவைக் குழு சொன்ன நாளில் தொடங்கி, நாளுக்கு ஐந்தாறு முறை செய்யச் சொல்லுங்கள். 35 மி.மீ.க்குக் கீழே நின்றுவிட்டால் பிற்பாடு இம்ப்ளான்ட் வைக்கும் கருவிகூட உள்ளே போகாது.

வீடு திரும்பிய பிறகு கழுத்துத் தையலில் எச்சில்போல வழவழப்பாக ஏதாவது கசிந்தால், காய்ச்சலோடு தாடை சிவந்தால், கடித்தால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போலச் சேராவிட்டால், பிளேட்டுக்கு மேல் தோல் மெலிந்து பளபளத்தால், அடுத்த சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே போய்க் காட்டுங்கள். கெண்டைக்காலில் திடீர் வீக்கமும் வலியும் வந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள். அதோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு.

அறுவைக்குப் பிந்தைய நோய்க்குறியியல் அறிக்கையில் எலும்பு விளிம்பு எத்தனை மி.மீ. சுத்தமாக இருந்தது என்று எழுதியிருக்கும். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். முதல் ஐந்து ஆண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது முழுத்தாடை எக்ஸ்ரே. அதன் பிறகும் பத்து ஆண்டைத் தாண்டியும் தொடர வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய படங்களையும் எடுத்துப் போங்கள். கால் எலும்பும் தாடையும் சேரும் இரண்டு முனைகளில்தான் கண் நிலைக்க வேண்டும். அங்கே புதிதாகத் தோன்றும் சிறு கருநிழலை, பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் கண்டுபிடிக்க முடியும்.